சொன்னது மறந்து போகும் பிள்ளை



ஒன்பது வயதுப் பையன் ஒருவனைத் தாய் கடைக்கு அனுப்புகிறாள். "இந்தா பத்து வெள்ளி. ஒரு கிலோ சீனி, ஒரு டின் பால், ரெண்டு ரொட்டி வாங்கிக்கிட்டு, வரும்போது பெரியம்மா வீட்டுல நம்ம பாத்திரத்தைக் கேட்டு வாங்கிட்டு வா." பையன் தலையை ஆட்டிவிட்டு ஓடுகிறான். அரை மணி நேரம் கழித்து ரொட்டியோடு திரும்புகிறான். சீனி இல்லை, பால் இல்லை. பெரியம்மா வீட்டு வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறான். பாத்திரத்தின் ஞாபகமே வரவில்லை. "நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?" என்று தாய் கேட்கிறாள். விழுந்தது என்கிறான். அது உண்மையும் கூட.

இப்படி ஒரு நாள் நடந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நமக்கும் நடப்பதுதான். ஆனால் சில பிள்ளைகளுக்கு இது அன்றாட வாழ்க்கை. பள்ளியில் ஆசிரியர், "நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறங்கள், மூன்றாவது கணக்கிலிருந்து ஆறாவது வரை செய்யுங்கள், முடித்தவர்கள் நோட்டை மேசையில் வையுங்கள்" என்கிறார். மற்றவர்கள் மூன்றாவது கணக்கைத் தொடங்கும்போது இந்தப் பிள்ளை பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறான். இல்லையென்றால் பக்கத்துப் பையனை இடிக்கிறான். பென்சில் தொலைகிறது, காலணி தொலைகிறது, பாதி எழுதிய வாக்கியம் பாதியிலேயே நிற்கிறது.

இதே பையன் ஒரு திரைப்படப் பாட்டை முதல் அடி முதல் கடைசி அடி வரை ஒரு சொல் பிசகாமல் பாடுவான். மூன்று வருடத்துக்கு முன் திருவிழாவில் யார் என்ன சட்டை போட்டிருந்தார் என்று சொல்வான். இதைப் பார்க்கும் பெற்றோர் என்ன முடிவுக்கு வருகிறார்கள்? "ஞாபக சக்தி நன்றாகத்தான் இருக்கிறது. வேண்டுமென்றே செய்கிறான். திமிர்." அதன் பிறகு பிரம்பு வருகிறது. இந்த முடிவு சரியா என்பதைத்தான் இன்றைய உரையில் பார்க்கப்போகிறோம். சிரம்பான் சுற்றுவட்டாரத்திலும், ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டங்களிலும் உள்ள குடும்பங்களுக்கும், தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோனவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

மருத்துவர்கள் இந்நிலைக்குக் கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏ.டி.எச்.டி. என்று ஆங்கில எழுத்துகளால் சுருக்கிச் சொல்வார்கள்; ஆசிரியர்கள் வாயில் இப்பெயரை நீங்கள் கேட்டிருக்கலாம். உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். புதிய நோய் என்று எண்ண வேண்டாம். 1902ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளை விவரித்துப் பேசினார். அறிவில் குறைவில்லாத பிள்ளைகள், ஆனால் தங்களைத் தாங்களே அடக்கிக்கொள்ள முடியாதவர்கள் என்றார். அவர் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்று அழைத்தார். அந்தக் காலத்துச் சிந்தனை அப்படி. பல ஆண்டுகள் வரை மருத்துவர்களும் துடுக்குத்தனத்தையும் ஓட்டத்தையும்தான் பார்த்தார்கள். 1972ஆம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த வர்ஜீனியா டக்ளஸ் என்ற உளவியல் அறிஞர், ஓட்டத்தை விடக் கவனத்தை நிலைநிறுத்த முடியாமைதான் பெரிய சிக்கல் என்று எடுத்துக் காட்டினார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் கவனக்குறைவுக் கோளாறு என்று பெயரையே மாற்றியது. 1987இல் மிகை இயக்கம் என்பதும் அந்தப் பெயரில் சேர்ந்துகொண்டது.

பெயர் மாறியதே தவிர, ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கவனம் இல்லை என்றால் என்ன? காது கேட்கிறது, கண் பார்க்கிறது, பிள்ளை விழித்துக்கொண்டுதான் இருக்கிறான். அப்படியானால் எது இல்லை? இதற்கு விடை தேடும்போதுதான் செயல்நினைவு என்ற சொல் நமக்கு வேண்டியிருக்கிறது.

செயல்நினைவு என்றால் என்ன என்பதை இப்போதே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். நாற்பத்தெட்டையும் இருபத்தேழையும் காகிதமில்லாமல் கூட்டுங்கள். எட்டும் ஏழும் பதினைந்து. ஐந்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றை மேலே கொண்டுபோக வேண்டும். நாலும் இரண்டும் ஆறு, கொண்டுவந்த ஒன்றோடு ஏழு. ஆக எழுபத்தைந்து. இந்தச் சில விநாடிகளில் ஐந்து என்ற எண்ணை எங்கே வைத்திருந்தீர்கள்? இரண்டு எண்களையும் எங்கே வைத்திருந்தீர்கள்? அந்த இடம்தான் செயல்நினைவு. வேலை முடியும் வரை ஒரு செய்தியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதைக் கொண்டு வேலை செய்கிற இடம். வேலை முடிந்ததும் அது துடைக்கப்படும். நாளைக் காலை அந்த ஐந்து உங்களுக்கு நினைவிருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை.

பால்மரம் வெட்டியவர்களுக்கு ஓர் உவமை சொன்னால் எளிதாக விளங்கும். மரத்தில் கட்டிய மங்கு சிறியது. அதிலிருந்து பால் வாளிக்குப் போகிறது, வாளியிலிருந்து ஸ்டோருக்குப் போகிறது. ஸ்டோர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மங்கு மங்குதான். நிறைந்த பிறகு வடிகிற பால் மண்ணுக்குத்தான். பாட்டும் திருவிழாவும் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தவை. நூறு முறை கேட்ட பாட்டு, மனத்தில் பதிந்த மகிழ்ச்சி. அவை நீண்டகால நினைவு. கடைக்குச் சொல்லியனுப்பிய நான்கு செய்திகள் இன்னும் மங்கில் இருப்பவை. ஸ்டோர் நிறைந்திருக்கிறது என்பதால் மங்கில் சிந்தாமல் நிற்கும் என்று சொல்ல முடியாது. திரைப்பாட்டைக் காட்டிப் பையனைக் குற்றம் சாட்டுகிற வழக்கு இங்கேயே தள்ளுபடி ஆகிவிடுகிறது என்பது என் கருத்து.

இந்த மங்கு எவ்வளவு பெரியது? 1956ஆம் ஆண்டில் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலார், வளர்ந்த மனிதன் ஒரே சமயத்தில் ஏறத்தாழ ஏழு செய்திகளைப் பிடித்து வைக்கலாம் என்று எழுதினார். மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளவும், இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொள்ளவும் இடம் கொடுக்காமல் சோதித்தால் நான்குதான் வரும் என்று 2001இல் நெல்சன் கோவன் என்பவர் காட்டினார். இது பெரியவர்கள் கணக்கு. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. பதினைந்து வயது வரை மெல்ல மெல்ல வளர்கிறது. ஒரே வகுப்பிலும் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இங்கிலாந்தில் சூசன் கேதர்கோல் என்ற ஆய்வாளர் சொல்வதைக் கேளுங்கள்: ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் உள்ள வகுப்பில், குறைந்தது மூன்று பேருக்குச் செயல்நினைவு நான்கு வயதுப் பிள்ளையின் அளவில் இருக்கும், வேறு மூன்று பேருக்குப் பதினொரு வயதுப் பிள்ளையின் அளவில் இருக்கும். ஆசிரியரோ எல்லாருக்கும் ஒரே கட்டளையைத்தான் கொடுக்கிறார்.

சரி, இதற்கும் கவனத்துக்கும் என்ன தொடர்பு? 1974ஆம் ஆண்டில் ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் என்ற இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள், செயல்நினைவு ஒரு வெறும் பாத்திரம் இல்லை, அதற்குள் வேலைப் பிரிவினை இருக்கிறது என்றார்கள். கேட்டதை மனத்துக்குள் முணுமுணுத்து வைத்துக்கொள்ளும் ஒரு பகுதி. பார்த்ததையும் இடத்தையும் வைத்துக்கொள்ளும் இன்னொரு பகுதி. இந்த இரண்டுக்கும் மேலே, எதைக் கவனிப்பது, எதை விடுவது, எப்போது மாறுவது என்று முடிவு செய்யும் ஒரு மேற்பார்வை. தோட்டத்து மொழியில் சொன்னால் இரண்டு வேலையாட்கள், ஒரு கங்காணி.

கவனக்குறைவு உள்ள பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இதுதான். பல பிள்ளைகளுக்கு வேலையாட்களிடம் உள்ள குறையை விடக் கங்காணியிடம் உள்ள குறையே பெரிது. ஓர் எண் வரிசையைச் சொல்லி அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னால் ஓரளவு சொல்லிவிடுகிறார்கள். அதையே சிறியதிலிருந்து பெரியதாக மனத்துக்குள் அடுக்கிச் சொல்லச் சொன்னால் தடுமாறுகிறார்கள். பிடித்து வைப்பது ஒன்று, பிடித்து வைத்துக்கொண்டே வேலை செய்வது வேறொன்று. பின்னதற்குக் கங்காணி நகராமல் நிற்க வேண்டும். கூரையில் பல்லி ஓடினால் கங்காணி பல்லியைப் பார்க்கப் போய்விடுகிறார். திரும்பி வரும்போது நிரையில் ஆள் இல்லை.

இது வெறும் உவமைப் பேச்சு இல்லை. மூளையின் முன்பகுதியில் இதைக் கண்ணால் பார்ப்பதுபோல் பதிவு செய்திருக்கிறார்கள். 1971இல் வாக்கீன் ஃபஸ்டர் என்ற அறிஞர் குரங்குகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். இரண்டு மூடிகளில் ஒன்றின் கீழே தீனியை வைப்பதைக் குரங்கு பார்க்கும். பிறகு திரை விழும். சிறிது நேரம் கழித்துத் திரை எழும்பும். குரங்கு சரியான மூடியைத் தொட வேண்டும். திரை மூடியிருந்த நேரம் முழுவதும் முன்மூளையின் சில உயிரணுக்கள் ஓயாமல் துடித்துக்கொண்டே இருந்தன. கண்ணுக்கு முன் ஒன்றுமில்லை, ஆனால் மூளை அதை விடாமல் பிடித்திருந்தது. நினைவில் வைத்திருப்பது என்பது பெட்டியில் போட்டுப் பூட்டுவது போன்றதன்று. கையில் தூக்கிப் பிடித்திருப்பது போன்றது. தூக்கிப் பிடிக்கும் அந்தச் செயலைத்தான் நாம் வெளியிலிருந்து பார்த்துக் கவனம் என்கிறோம்.

கவனக்குறைவு உள்ள பிள்ளைகளுக்கு இந்த முன்மூளை கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள் இல்லை. அது முதிர்வதற்குத் தாமதமாகிறது. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பிள்ளைகளின் மூளையைப் பல ஆண்டுகள் படமெடுத்துப் பார்த்தபோது, மூளையின் மேற்பரப்பு வளர்ச்சி இவர்களுக்கு நடுக்கணக்கில் மூன்று ஆண்டு பின்தங்கியிருந்தது. முன்மூளையில்தான் அந்தத் தாமதம் அதிகம். பத்து வயதுப் பிள்ளையிடம் ஏழு வயதுப் பிள்ளையின் கங்காணி வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அறிவு பத்து வயதுக்கு உரியதாகவே இருக்கலாம். அதனால்தான் வீட்டில் எல்லாரும் குழம்பிப்போகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தக் கோளாறு உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் செயல்நினைவு குறைவு என்று சொல்லிவிட முடியாது. பலருக்குக் குறைவு, சிலருக்குச் சரியாகவே இருக்கிறது. செயல்நினைவு மட்டும் சிறுத்து, வேறு துடுக்குத்தனம் எதுவும் இல்லாத பிள்ளைகளும் உண்டு. அவர்களையும் ஆசிரியர்கள் கவனமில்லாதவர்கள் என்றே எழுதுகிறார்கள். ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரிகிறது. கட்டளையின் நடுப்பகுதி மங்கிலிருந்து சிந்திவிட்ட பிறகு, பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. தெரியாதவன் என்ன செய்வான்? ஜன்னலைப் பார்ப்பான்.

ஆடாமல் உட்காருவதைப் பற்றியும் ஒரு செய்தி. அமெரிக்காவின் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தில் மார்க் ராப்போர்ட் என்பவரின் குழு, எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பையன்களின் கணுக்காலிலும் கையிலும் கைக்கடிகாரம் போன்ற கருவிகளைக் கட்டி, எவ்வளவு அசைகிறார்கள் என்று அளந்தது. 2009இல் அது வெளியிட்ட முடிவு: செயல்நினைவுக்கு வேலை கொடுக்கும்போதுதான் அசைவு கூடுகிறது. எல்லாப் பையன்களுக்கும் கூடியது, கவனக்குறைவு உள்ளவர்களுக்கு மிக அதிகமாகக் கூடியது. 2015இல் அதே வழியில் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போனது. கவனக்குறைவு உள்ள பையன்கள் அதிகம் அசைந்தபோது சோதனையை நன்றாகச் செய்தார்கள். மற்ற பையன்கள் அதிகம் அசைந்தபோது மோசமாகச் செய்தார்கள். அப்படியென்றால் காலை ஆட்டிக்கொண்டு கணக்குப் போடுகிற பிள்ளையை "ஆடாதே, அப்புறம் கணக்குப் போடு" என்று அதட்டுவது, அவன் கையிலிருக்கும் ஊன்றுகோலைப் பிடுங்குவதாக இருக்கலாம். பிறருக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்கு ஆடட்டுமே. நின்றுகொண்டு படித்தாலும் குற்றமில்லை.

இனி நம் பெரியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "நினைவைப் பயிற்சியால் வளர்க்கக் கூடாதா? நம் முன்னோர்கள் அவதானம் செய்தார்களே?" நல்ல கேள்வி. 1874இல் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். கவனக நிகழ்ச்சிகளில் ஒருபுறம் ஒருவர் மணியை அடித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் முதுகில் எதையாவது போட்டுக்கொண்டிருப்பார், வேறொருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். கடைசியில் கவனகர் மணி எத்தனை முறை ஒலித்தது என்பது வரை ஒப்பிப்பார். நாமெல்லாம் இதை நினைவாற்றல் கலை என்கிறோம். ஆனால் பெயரைக் கவனியுங்கள். அவதானம் என்றாலும் கவனகம் என்றாலும் பொருள் கவனம்தான். ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டு முயன்று கண்ட உறவை நம் சொல் முன்னமே வைத்திருக்கிறது. இதற்காகப் பெருமைப்படலாம், அதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். ஏனென்றால், அந்தப் பயிற்சி மங்கைப் பெரிதாக்குகிறதா என்பது வேறு கேள்வி.

அதற்கு விடை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து கிடைத்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர், படிக்கப்படும் எண்களைத் திருப்பிச் சொல்லும் பயிற்சியை ஒன்றரை ஆண்டுக்கு மேல், 230 மணி நேரம் செய்தார். தொடக்கத்தில் ஏழு எண்; முடிவில் எழுபத்தொன்பது எண். 1980இல் இது வெளிவந்தபோது பெரிய வியப்பு. அவர் ஓட்டப்பந்தய வீரர். கேட்ட எண்களை நான்கு நான்காகச் சேர்த்து, இது ஒரு மைல் ஓட்டத்தின் நேரம், இது இன்ன பந்தயத்தின் நேரம் என்று முன்னமே தெரிந்தவற்றோடு கட்டிவிடுவார். ஆனால் எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைப் படித்ததும் அவரால் ஆறு எழுத்துதான் சொல்ல முடிந்தது. அவருடைய மங்கு அப்படியே இருந்தது. ஸ்டோருக்கு நேராகக் குழாய் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அந்தக் குழாயும் எண்களுக்கு மட்டும்.

கணினியில் விளையாட்டுப் போல அமைந்த செயல்நினைவுப் பயிற்சிகள் வந்தபோதும் இதே கதைதான். சுவீடனில் தோர்க்கெல் கிளிங்பெர்க் என்பவர் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டார். 2013இல் அதுவரை வந்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, பிள்ளைகள் அந்த விளையாட்டில் தேறுகிறார்கள், படிப்பிலும் கணக்கிலும் அந்தத் தேர்ச்சி வந்து சேரவில்லை என்று தெரிந்தது. மூளைப் பயிற்சி விளையாட்டு விற்ற ஒரு நிறுவனம், ஆதாரமில்லாத விளம்பரம் செய்ததற்காக 2016இல் அமெரிக்க அரசு அமைப்பு தொடுத்த வழக்கில் இருபது இலட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. ஆகவே உங்கள் ஊரில் யாராவது நினைவாற்றல் வகுப்பு என்று சொல்லி நூற்றுக்கணக்கில் வெள்ளி கேட்டால், பிள்ளையின் பள்ளிப் பாடத்தில் என்ன மாறும் என்று முதலில் கேளுங்கள். வல்லாரையைப் பற்றியும் கேட்பீர்கள். மலாய்க்காரர்கள் பெகாகா என்று உலாமாக உண்பதும் அதுதான். நல்ல கீரை, தாராளமாகச் சாப்பிடலாம். கவனக்குறைவுக்கு மருந்து என்று நம்பி டானிக் புட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். சீனி தின்பதால் இந்தக் கோளாறு வருகிறது என்பதும் நிரூபிக்கப்பட்டதன்று. பல்லுக்காகக் குறைத்தால் போதும்.

மங்கைப் பெரிதாக்க முடியாவிட்டால் என்ன செய்வது? அடிக்கடி வாளியில் ஊற்றலாம், அல்லது மங்குக்கு வரும் பாலைக் குறைக்கலாம். தோட்டத்துக் கிராணி யார் வேலைக்கு வந்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. செக்ரோலில் பேர் போடுகிறார். அவரை மறதிக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைக்கும் ஒரு செக்ரோல் வேண்டும்.

தோட்டப்புறக் குடும்பங்களில் இதற்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுகிறார்கள். தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களை இருட்டிலேயே பேருந்து ஏற்றிக்கொண்டு போகிறது. காலையில் செய்ய வேண்டியதை இரவே பிள்ளையிடம் சொல்லிவைக்கிறார்கள். பாட்டி எழுப்பிவிடுவார், மற்றது அவன் பாடு. நினைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் நான்கு செய்திகளைத் தாங்க முடியாத மங்கு, இரவு முழுவதும் ஏழு செய்திகளைத் தாங்க வேண்டும். இதற்கு எளிய வழி, கதவுக்குப் பின்புறம் ஓர் அட்டை. பல் துலக்குவது, பசியாறுவது, புத்தகப் பை, தண்ணீர்ப் புட்டி, காலணி என்று வரிசையாகப் படம் வரைந்து ஒட்டுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்தே போதும். ஒவ்வொன்றையும் முடித்ததும் துணி மாட்டும் கிளிப்பைக் கீழே நகர்த்தட்டும். பாட்டி, "படத்தைப் பாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏழு கட்டளையும் அவர் வாயிலிருந்து வரவேண்டியதில்லை. பையும் காலணியும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

கடைக்கு அனுப்பினால் சீட்டு எழுதிக் கொடுங்கள், அல்லது அவனையே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொல்வதென்றால் அவன் பெயரைக் கூப்பிட்டு, அவன் திரும்பிப் பார்த்த பிறகு, ஒரு தடவைக்கு ஒரு செய்தி. சொன்னதும் "என்ன சொன்னேன், சொல்லு" என்று திருப்பிக் கேளுங்கள். சோதிக்கிற குரலில் வேண்டாம், சாதாரணமாக. "அதைச் செய்யறதுக்கு முன்னாடி இதைச் செய், ஆனா அது இல்லேன்னா..." என்று சுற்றி வளைக்கும் வாக்கியங்கள் இந்தப் பிள்ளைகளுக்கு எமன். கணக்கில் இடையில் வரும் எண்களைத் தாளில் எழுத விடுங்கள். "மனக்கணக்காகப் போடு, ஏன் எழுதுகிறாய்?" என்று சில ஆசிரியர்கள் தடுப்பதுண்டு, அவர்களிடம் பணிவாக விளக்கிச் சொல்லுங்கள். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்விப்பது நல்லது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது தானாக வாயில் வந்தால், மங்கில் அதற்கு இடம் வேண்டாம்.

மொழியையும் இங்கே சேர்த்துப் பேச வேண்டும். பழகிய மொழியில் கேட்பதை முணுமுணுத்து வைத்துக்கொள்வது எளிது. பழகாத மொழியில் கேட்டால் மங்கு பாதி அந்தச் சொற்களாலேயே நிறைந்துவிடும். ஒரே ஆளிடமே எண்ணின் பெயர் நீளமாக இருந்தால் நினைவில் நிற்கும் எண்கள் குறைகின்றன என்று 1980இல் வேல்ஸ் நாட்டில் கண்டார்கள். வேல்ஸ் மொழியில் எண்களைச் சொல்ல ஆங்கிலத்தை விட அதிக நேரம் பிடிக்கிறது, அதனால் திருப்பிச் சொல்லும் எண்களும் குறைந்தன. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் பிள்ளை, ஒரே நாளில் மலாயில் கட்டளை கேட்கத் தொடங்குகிறான். நேராக முதலாம் படிவத்துக்குப் போனாலும் சரி, புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து போனாலும் சரி, இந்தப் பாரம் உண்டு. தமிழ்ப்பள்ளியில் எப்படியோ சமாளித்து வந்த கவனக்குறைவுள்ள பிள்ளை இங்கேதான் சறுக்குகிறான், பின் வகுப்புக்குத் தள்ளப்படுகிறான், பள்ளிக்கு மட்டம் போடுகிறான். அந்த முதல் ஆண்டில் பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டிருக்கக் கூடாது.

அடிப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பயமும் கவலையும் செயல்நினைவில் இடம் பிடிக்கின்றன. கணக்கைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்குக் கணக்குப் போடும் நேரத்தில் செயல்நினைவு சுருங்குவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். பிரம்பைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போடும் பிள்ளையின் மங்கில் பாதிக்குப் பிரம்பு இருக்கிறது.

மருந்து உண்டா என்றால், உண்டு. 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் சார்ல்ஸ் பிராட்லி என்ற மருத்துவர், தலைவலிக்காகக் கொடுத்த ஒரு ஊக்க மருந்தால் பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்து பாடம் செய்வதைத் தற்செயலாகக் கண்டார். கணக்கு மாத்திரை என்று அந்தப் பிள்ளைகளே பெயர் வைத்தார்களாம். நம் நாட்டில் மெதில்ஃபெனிடேட் என்ற மருந்து பயன்படுகிறது. முன்மூளையில் செய்தி கடத்தும் சில இரசாயனங்களைக் கூட்டி, கங்காணியை நிரையில் நிற்க வைக்கிறது எனலாம். பசி குறைதல், தூக்கம் வராமை போன்ற பக்கவிளைவுகள் உண்டு. எடையையும் உயரத்தையும் மருத்துவர் பார்த்து வருவார். எல்லாப் பிள்ளைக்கும் மருந்து தேவையில்லை. தேவை என்று நிபுணர் சொன்னால் அதை வெட்கமாக நினைக்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மாத்திரையை வாங்கிக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது.

இது யாருடைய குற்றம் என்று கேட்டு வீட்டில் சண்டை வருகிறது. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, இந்தக் கோளாற்றில் பெரும்பங்கு பரம்பரையாக வருவது. "இவங்க அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான்" என்று பாட்டி சொன்னால் அதை மருத்துவரிடமும் சொல்லுங்கள், பயன்படும். குறைமாதப் பிறப்பும், மிகக் குறைந்த எடையில் பிறப்பதும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. கர்ப்பிணிப் பெண் மது அருந்துவது பிள்ளையின் மூளையைக் கெடுக்கும். கவனக்குறைவும் அதில் ஒன்று. வளர்ப்புச் சரியில்லாததால் வந்தது என்ற பழி தாய்மார்களுக்கு வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் போவது? கவனக்குறைவோ துடுக்குத்தனமோ பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும் தெரிந்து, படிப்பையோ பழக்கத்தையோ கெடுத்தால் போக வேண்டும். பள்ளியில் மட்டும் இருந்து வீட்டில் இல்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும். பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் ஓடுவதில்லை, ஆடுவதில்லை; கனவு கண்டுகொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். அமைதியான பிள்ளை என்று பேர் வாங்கிக்கொண்டே பின்தங்கிப்போவார்கள்.

முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போகலாம். காது, கண் இரண்டையும் சோதிக்கக் கேளுங்கள். காதில் சீழ் வடிந்து கேள்வி மந்தமான பிள்ளையும் சொன்னதைச் செய்யாத பிள்ளையாகத்தான் தெரிவான். இரத்தச்சோகை, இரவில் குறட்டை விட்டுத் தூக்கம் கெடுதல், சில விநாடிகள் விழித்தபடியே நினைவு தப்பும் ஒருவகை வலிப்பு ஆகியவையும் கவனக்குறைவைப் போலத் தோன்றும். அங்கிருந்து கடிதம் கொடுத்து நிபுணர்களிடம் அனுப்புவார்கள். நம் மாநிலத்தில் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையும், குவாலா பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனையும் உள்ளன. சுகாதார அமைச்சு 2008இல் இந்தக் கோளாற்றுக்கென மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டு, 2020இல் அதைப் புதுப்பித்திருக்கிறது. தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பும், சமூக நலத்துறையில் மாற்றுத்திறனாளி பதிவும் உண்டு. கற்றல் சிக்கல் என்ற பிரிவில் இது அடங்கும்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். மருத்துவரின் அறையில் பத்து நிமிடம் எந்தப் பிள்ளையும் நல்ல பிள்ளையாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: என்ன சொன்னோம், எத்தனை செய்தி சொன்னோம், எதைச் செய்தான், எது விட்டுப்போனது, எந்த நேரத்தில். வகுப்பாசிரியரிடமும் அரைப்பக்கம் எழுதி வாங்குங்கள். பிள்ளை பிறந்தபோது இருந்த எடை, குறைமாதமா என்பது எழுதிய தாய்சேய் நலப் புத்தகம் வீட்டில் இருந்தால் அதையும், பள்ளி நோட்டுகளில் பாதியில் நின்றுபோன இரண்டு மூன்று பக்கங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.